தேய்வது கீழே, ஆடுவது மேலே

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எளிய இயந்திரங்களையும் திருப்புத்திறனையும் எப்படிக் கற்பிக்கலாம் என்று அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஒரு பழைய டிராக்டரின் கியர் ராடைப் பற்றி மட்டும் பேசுகிறேனே என்று ஆசிரியர் பயிற்றுநரிடம் கேட்டேன். "அரை மணி நேரம் ராடைப் பற்றியா?" என்று சிரித்தார். போதாமல்தான் போகும் என்று நினைக்கிறேன்.

இங்கே தொடக்கநிலை ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். வாய்பாடு எதுவும் வேண்டாம், பெருக்கலும் கழித்தலும் போதும். பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். அறிவியல் நூலின் முதல் அலகான இயக்க விதிகளில் திருப்புத்திறன் வருகிறது. அதன் பயன்பாடாகப் பற்சக்கரத்தையும் சொல்லியிருக்கிறார்கள். நாம் அந்தப் பக்கத்தை நடத்தும் ஜூன் மாதத்தில்தான், ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்ற எதிர்பார்ப்போடு, டெல்டாவில் எல்லா டிராக்டரையும் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். பாடமும் பொருளும் ஒரே வாரத்தில் கிடைப்பது அபூர்வம்.

எங்கள் சித்தப்பாவிடம் 1974-ல் செய்த ஒரு டிராக்டர் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஐம்பது வருடம் சேற்றில் உழுதால் எந்த இரும்பும் தேயும். ஒன்பது கொத்துக் கலப்பை, கேஜ் வீல், டிரெய்லர் எல்லாம் அதற்கு உண்டு. சொந்த நிலம் கொஞ்சம்தான். அக்கம்பக்கத்தில் சின்னச் சின்ன வயல்களுக்கு உழுது கொடுத்து வருவதுதான் வருமானம். பெரிய டிராக்டர்காரர்கள் அரை மா நிலத்துக்கெல்லாம் வரமாட்டார்கள். இவர் போவார்.

அந்த டிராக்டரின் கியர் ராடு ஆடும். நியூட்ரலில் இருக்கும்போது குமிழைப் பிடித்து அசைத்தால் எதிலும் முட்டாமல் முன்னும் பின்னும் போய் வரும். சித்தப்பாவுக்கு அது தொந்தரவே இல்லை. அவருடைய உள்ளங்கைக்கு நியூட்ரல் எங்கே இருக்கிறது என்று தெரியும். பேரனுக்குத் தெரியாது. ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலையில் அவன் ராடை நடுவில் வைத்துவிட்டதாக நினைத்துச் சாவியைத் திருப்பினான். வண்டி கியரில் இருந்தது. ஆறு அடி முன்னால் போய் மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் மோதி நின்றது. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதோடு போயிற்று. கொஞ்ச நேரம் முன்புவரை தெருப் பிள்ளைகள் மூன்று பேர் அந்தக் கம்பத்தைப் பிடித்துத்தான் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று சித்தி சொன்னார். அதில் இருவர் நம் பள்ளிப் பிள்ளைகள்.

பழைய டிராக்டர்களில் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு ஸ்விட்ச் இருப்பதுண்டு. அது கெட்டுப்போனால் புதிது போடாமல் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். இதிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள். இந்த இடத்தில் ஒரு பழைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்த பெர்குசன் டி.ஈ. 20 டிராக்டரில் ஸ்டார்ட் செய்யத் தனிப் பொத்தான் கிடையாது. கியர் ராடையே "எஸ்" என்று குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும். ராடு அங்கே போக வேண்டுமானால் எந்தக் கியரிலும் இருக்க முடியாது. ஹாரி பெர்குசனின் வண்டி அது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்ததும் இந்த வகை டிராக்டர்களில்தான். வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழியும் பிற்பகல்களுக்கு இந்தச் செய்தி நன்றாக உதவும். பெர்குசன் பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்கள், 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே வழியாக நம் வயல்களுக்கும் வந்தன.

சித்தப்பா வீட்டில் அன்று மாலையே பஞ்சாயத்து. "எடைக்குப் போட்டுடலாம்ங்கிறான்ப்பா இவன். நீ என்ன சொல்ற?" என்று என்னிடம் கேட்டார். நகரத்து மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ராடின் நுனி தேய்ந்திருக்கிறது, வெல்டிங் வைத்து ஏற்றினால் போதும் என்றார். புதிய ராடு தேடிப் பார்த்தோம், அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர் வரப் பத்து நாள் இருந்தது. திங்கட்கிழமை திருப்புத்திறன் தொடங்க வேண்டும். தலைமையாசிரியரிடம் அனுமதியும் பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்பில் ஆறு பேரைச் சனிக்கிழமை கொட்டகைக்கு அழைத்துப் போனேன்.

முதலில் ராடு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கியர்பெட்டிக்குள் கைவிரல் தடிமனில் சில இரும்புத் தண்டுகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொரு தண்டிலும் ஒரு கவை. அந்தக் கவை ஒரு பல்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். தண்டை முன்னே தள்ளினால் சக்கரம் ஒரு கியரோடு சேரும், பின்னே இழுத்தால் இன்னொன்றோடு சேரும். தண்டின் மேல் பக்கத்தில் ஒரு காடி வெட்டியிருக்கும். நியூட்ரலில் எல்லாக் காடிகளும் ஒரே வரிசையில் நிற்கும். ராடின் கீழ் நுனி அந்த வரிசைக்குள் இடமும் வலமும் நடந்து, வேண்டிய காடியைத் தேர்ந்துகொண்டு, பிறகு முன்னோ பின்னோ தள்ளும். இரண்டு தண்டுகள் ஒரே நேரத்தில் நகர்ந்துவிடாமல் நடுவில் ஒரு குட்டி ஊசி தடுக்கும். நகர்ந்த தண்டு தானாகத் திரும்பாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த குண்டு ஒன்று பள்ளத்தில் உட்காரும். அவ்வளவுதான். வாசல் வரிசையில் நிற்கும் செருப்புகளில் ஒன்றை மட்டும் காலால் முன்னே தள்ளுவது போல என்று ஒரு மாணவன் சொன்னான். நான் யோசித்து வைத்திருந்த உவமையைவிட அது நன்றாக இருந்ததால் என்னுடையதைச் சொல்லவில்லை.

நுனி தேய்ந்தால் என்ன ஆகும்? காடியின் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டிருந்த நுனி, திரும்ப இழுக்கும்போது எதிர்ச் சுவரைத் தொடும்வரை சும்மா நகரும். அந்த வீண் நகர்வில் தண்டு அசையவே அசையாது. ஓட்டுபவர் வழக்கமான தூரம் இழுத்துவிடுகிறார். கை நியூட்ரல் என்கிறது, சக்கரமோ இன்னும் பல்லில் மாட்டியிருக்கிறது. கம்பம் சாய்ந்தது இப்படித்தான்.

அன்று நாங்கள் எடுத்த அளவுகளைச் சொல்கிறேன். பேட்டரி வயரைக் கழற்றி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்த பிறகு, குமிழ் எதிலும் முட்டாமல் முன்னும் பின்னும் எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். மொத்தம் 60 மி.மீ. அதன் பிறகு மேல்மூடியைச் சுற்றி இருந்த சேற்றையும் பிசுக்கையும் டீசல் தொட்டுத் துடைத்தோம். திறப்பதற்கு முன் துடைக்க வேண்டும். திறந்த பிறகு விழும் ஒரு மணல் துகள்கூட உள்ளே போய்ப் பல்லை அரைக்கும். ராடைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. மூடியையும் ராடையும் நானும் லேத் பட்டறை அண்ணனும் கழற்றினோம். பிள்ளைகள் யாரும் பெட்டிக்குள் கைவிடவில்லை. திறப்பைச் சுத்தமான துணியால் மூடினோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு மாணவி நோட்டில் எழுதி எண்ணி வைத்தாள்.

பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியைப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அந்த அளவி இதுவரை அளந்ததெல்லாம் கோலிக்குண்டும் பென்சிலும்தான். அன்றுதான் முதன்முதலாகக் கிரீஸ் பட்டது. ராடின் நுனி 12.5 மி.மீ., காடியின் அகலம் 18.5 மி.மீ. இடைவெளி 6 மி.மீ. நுனியிலேயே சற்று மேலே, எதிலும் உரசாத இடத்தில் அளந்தால் 18 மி.மீ. அதாவது புதிதாக இருந்தபோது இடைவெளி அரை மி.மீ. இருந்திருக்கும். காடி அதிகம் தேயாமல் நுனி மட்டும் ஏன் இவ்வளவு தேய்ந்தது என்று கேட்டேன். காடிகள் பல, நுனி ஒன்று, எந்தக் கியர் போட்டாலும் அது உழைக்க வேண்டும் என்று பதில் வந்தது. கேட்டவுடன் எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். காரணம் உங்களுக்குப் புரியும்.

அடுத்து, ராடு எத்தனைக்கு எத்தனை நெம்புகோல் என்ற கேள்வி. இங்கேதான் நேரம் போனது, போனதில் எனக்கு வருத்தமே இல்லை. புத்தகத்தில் ஆதாரப்புள்ளி ஒரு முக்கோணமாக, கண்ணுக்கு நேராக நிற்கும். கியர் ராடில் அது ஒரு இரும்பு உருண்டை. மூடிக்குள் ஒரு குழிவில் உட்கார்ந்திருக்கும், வெளியே தெரியாது. வண்டியில் மாட்டியிருந்தபோதே இரண்டு பையன்கள் மூடியின் விளிம்பிலிருந்து குமிழ்வரை அளந்து 49 செ.மீ. என்று எழுதி வைத்திருந்தார்கள். கழற்றி உருண்டையைப் பார்த்த பிறகுதான் எங்கிருந்து அளக்க வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. உருண்டையின் நடுவிலிருந்து என்று முடிவானது. அடுத்த சண்டை, ராடு ஓட்டுநர் பக்கமாக வளைந்திருக்கிறதே, வளைவோடு நூல் பிடித்து அளப்பதா, நேராக ஸ்கேல் வைப்பதா? நூல் பிடித்தால் 57, நேராக 54. பதில் சொல்லாமல் ஒரு வளைந்த கம்பியை ஆணியில் மாட்டிச் சுழற்றிக் காட்டினேன். நுனி வரையும் வட்டத்தின் ஆரம் நேர்த்தூரம்தான் என்று அவர்களே கண்டார்கள். உருண்டையின் நடுவிலிருந்து கீழ் நுனிக்கு 9 செ.மீ. ஆக 54-க்கு 9, ஆறுக்கு ஒன்று.

குமிழில் 100 நியூட்டன் விசை கொடுத்தால் நுனியில் 600 நியூட்டன். நெம்புகோலின் பெருமை என்று நாம் சொல்லிக்கொடுப்பது இது. ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் நடத்துவதில்லை. நுனி 1 மி.மீ. நகர்ந்தால் குமிழ் 6 மி.மீ. நகரும். விசை கீழே ஆறு மடங்காவதால் தேய்மானம் கீழே நடக்கிறது. நகர்வு மேலே ஆறு மடங்காவதால் ஆட்டம் மேலே தெரிகிறது. குமிழைப் புதிதாக மாற்றியும் ராடில் துணி சுற்றியும் பார்த்தவர்கள் ஊரில் உண்டு.

இதுவரை கணக்கு ஒழுங்காக வந்தது. நுனியில் 6 மி.மீ. இடைவெளி, ஆறு மடங்கு, குமிழில் 36 மி.மீ. போல்ட் எண்ணிக்கொண்டிருந்த மாணவி தன் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "சார், நாம அளந்தது 60. முப்பத்தாறுதான் வருது. மிச்சம் 24 எங்க போச்சு?"

எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. மெக்கானிக் சொன்னபடி நுனியை மட்டும் ஏற்றியிருந்தால் ஆட்டம் 60-லிருந்து 27-க்கு இறங்கியிருக்கும். பாதிக்குமேல் குறைந்துவிட்டதே என்று எல்லோரும் திருப்தியாகக் கிளம்பியிருப்போம். அந்த 27 மி.மீ. இன்னொரு காலையில் இன்னொரு கம்பத்தைச் சாய்த்திருக்கும். அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. நின்றுகொண்டே பார்த்துச் சொன்ன யோசனை அது, பாதி சரியாகத்தான் இருந்தது.

மிச்சம் 24-க்கு இடம் தேடினோம். ராடு தொடும் இடங்கள் இரண்டே இரண்டு: நுனி, உருண்டை. நுனியின் கணக்கு முடிந்துவிட்டது. அப்படியானால் உருண்டை தன் குழிவில் லூசாக இருக்க வேண்டும். எவ்வளவு லூஸ்? "24 வகுத்தல் 6, நாலு மி.மீ. சார்" என்றான் ஒரு பையன். கிரீஸ் அப்பியிருந்த உருண்டையைத் துடைக்கப் போன அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒரு அட்டைத் துண்டை எடுத்தேன்.

இந்த அட்டையை நீங்களும் செய்து பார்க்கலாம், தொடக்கநிலையிலும் செய்யலாம். 36 செ.மீ. நீளத்தில் கெட்டி அட்டைப் பட்டை. கீழ் முனையருகே ஒரு புள்ளி, அதிலிருந்து 5 செ.மீ. மேலே ஒரு துளை, துளையிலிருந்து 30 செ.மீ. மேலே இன்னொரு புள்ளி. துளையில் ஆணி அடித்துப் பலகையில் மாட்டுங்கள். கீழ்ப்புள்ளியை 4 மி.மீ. நகர்த்தினால் மேல்புள்ளி 24 மி.மீ. நகரும். இது ஆறு மடங்கு. இப்போது துளையைப் பக்கவாட்டில் பெரிதாக்குங்கள். ஆணியின் தடிமனைவிட 4 மி.மீ. கூடுதல் அகலம் இருக்கட்டும். கீழ்ப்புள்ளியைக் குண்டூசியால் குத்தி அசையாமல் நிறுத்திவிட்டு, பட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுங்கள். மேல்புள்ளி 28 மி.மீ. நகரும். ஏழு மடங்கு!

ஏன் ஏழு? கீழ்ப்புள்ளி நிலையாக நிற்கும்போது அதுதான் ஆதாரம். அங்கிருந்து துளைக்கு 5, மேல்புள்ளிக்கு 35. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். டிராக்டரிலும் அப்படியே: நுனியிலிருந்து உருண்டைக்கு 9, குமிழுக்கு 63. அப்படியானால் 24-ஐ 6-ஆல் வகுக்கக் கூடாது, 7-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 3.4 மி.மீ.

நாலு என்று சொன்னவன் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டை வேறு, இரும்பு வேறு என்றான். நல்லது, அளவி இருக்கிறதே! உருண்டையைத் துடைத்தோம். ஒரு பக்கம் வாய்க்காலாகத் தேய்ந்திருந்தது. தேயாத குறுக்கில் 44.5 மி.மீ., தேய்ந்த குறுக்கில் 41 மி.மீ. வித்தியாசம் 3.5. அந்தப் பையன் அளவியை வாங்கி மூன்று முறை தானே அளந்தான். பிறகு நோட்டில் 4-ஐ அடித்துவிட்டு 3.5 என்று எழுதினான். உருண்டையைக் குழிவில் அழுத்திப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங்கும் ஒரு சுற்று உடைந்து கிடந்தது. அதனால்தான் தேய்ந்த உருண்டை அடங்கி உட்காராமல் குழிவுக்குள் ஆடியிருக்கிறது.

பழுதுபார்த்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் அது லேத் அண்ணனின் கைவண்ணம். நுனியையும் உருண்டையையும் எண்ணெய்ப் பசை போகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சற்றுச் சூடுபடுத்தி, ஈரமில்லாத வெல்டிங் ராடால் சிறு சிறு கோடுகளாக இரும்பை ஏற்றினார். (கியர் ராடும் ராடுதான், வெல்டிங் ராடும் ராடுதான். பிள்ளைகள் நாள் முழுக்க இதை வைத்தே விளையாடினார்கள்.) வெல்டிங் நேரத்தில் பிள்ளைகளைப் பட்டறைக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டேன். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதை நீங்களும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏற்றி முடித்ததும் தண்ணீரில் தோய்க்காமல் அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் காலைவரை விட்டார். சட்டென்று குளிர்ந்தால் இந்த வகை எஃகு கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உடைந்த நுனி கியர்பெட்டிக்குள் விழுந்தால் அப்புறம் ராடு மட்டுமல்ல, பெட்டியே போய்விடும்.

பழைய எண்ணெய் டின் தகட்டில் தேயாத பக்கத்தின் வளைவை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, உருண்டையை லேத்தில் கடைந்தார். நுனியை அரத்தால் ராவினார். இங்கே அவசரம் கூடாது. காடியில் வைத்துப் பார்ப்பதும் ராவுவதுமாக, 18 மி.மீ. வரும்போது நிறுத்தினார். அளவியை அவர் தொடவே இல்லை. தகட்டை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இடுக்கில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். பிள்ளைகள் பின்னாலேயே போய் அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்! புது ஸ்பிரிங், புது ரப்பர் உறை, வெளுத்த ஆயிலை வடித்துவிட்டுப் புது கியர் ஆயில். செலவில் ஆயிலுக்குத்தான் அதிகம் போனது. முறுக்கியிருந்த வயரைப் பிரித்து நியூட்ரல் ஸ்விட்சையும் மாட்ட வேண்டும் என்று சித்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். முணுமுணுத்தார், மாட்டினார்.

மாட்டிய பிறகு குமிழில் ஆட்டம் 8 மி.மீ. எஞ்சினை ஓட்டாமலே ஒவ்வொரு கியரிலும் போட்டு எடுத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். நகர்ந்தால் நியூட்ரல், நகராவிட்டால் கியர். ஸ்டார்ட் செய்யும்போது பிள்ளைகளை வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கவிடவில்லை. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே வண்டி வயலுக்குப் போய்விட்டது. எடைக்குப் போடும் பேச்சு அதோடு நின்றது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடப்பகுதி முடிய வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு சனிக்கிழமையும் ஒரு பாடவேளையும் ஆனது. அந்தப் பாடவேளையில், வந்த ஆறு பேரும் வராதவர்களுக்கு அட்டையை வைத்து 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார்கள். திருப்புத்திறன் கணக்குகளை அதன் பிறகு நான் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் அதில் உண்மையான அளவு இருக்க வேண்டும். ஒரு செயல்பாட்டைச் செய்தோம் என்பதற்குப் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுகிறோம். அந்தப் படத்தில் பிள்ளையின் கையில் ஓர் அளவுகோலும், நோட்டில் சரிவராத ஓர் எண்ணும் இருக்கிறதா என்று நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன். 60-க்கு 60 வந்திருந்தால் அந்த மாணவி கேட்க ஒன்றுமே இருந்திருக்காது. நாம் தரும் கணக்குகளில் விடை எப்போதும் முழு எண்ணாக வந்து முடிந்துவிடுகிறது, மிச்சமே இருப்பதில்லை.

உங்கள் ஊரில் டிராக்டர் இல்லை என்றால் கவலை வேண்டாம். அடிகுழாயின் கைப்பிடி, தையல் இயந்திரத்தின் மிதி, சைக்கிள் பிரேக் பிடி, தராசு முள் எல்லாமே தேய்ந்து ஆடுகிற நெம்புகோல்கள்தான். அடிகுழாயில் போல்ட் துளை தேய்ந்து கைப்பிடி ஆடும். கைப்பிடியின் ஆட்டத்தை அளந்துவிட்டு, துளையைப் பார்க்காமலே அது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கழற்றி அளக்கலாம். சொன்னதும் அளந்ததும் பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது.

சித்தப்பாவின் வண்டியில் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இரண்டாவது கியரில் பாரம் இழுக்கும்போது கியர் தானாக நழுவி வெளியே வருகிறது. ராடு இப்போது உறுதியாக இருப்பதால் குற்றம் ராடில் இல்லை. தண்டைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பள்ளம் தேய்ந்திருக்கலாம், பல்லின் ஓரம் மழுங்கியிருக்கலாம். மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது என்று அந்த ஆறு பேரும் ஒரு சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிங்தான் என்று நான்கு பேர், பல்தான் என்று ஒருவன். போல்ட் எண்ணிய மாணவி இன்னும் எதையும் எழுதவில்லை, திறந்து அளந்த பிறகு எழுதுகிறேன் என்கிறாள். சம்பா அறுவடை முடிந்ததும் திறக்கிறோம்.

அட்டைப் பட்டைகள் பத்து கொண்டுவந்திருக்கிறேன், ஆணியும் குண்டூசியும் மேசையில் இருக்கின்றன. தேநீர் வருவதற்குள் செய்து பார்த்துவிடலாம்.